ஸ்பைடர்மேன் பிறந்த கதையைத் திருப்பி எழுதுகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டஸி’ காமிக்ஸின் 15-ஆம் இதழில், எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் பீட்டர் பார்க்கர் ஸ்பைடர்மேன் ஆன கதையை 11 பக்கத்தில் சொல்லி முடித்துவிட்டார்கள். (லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் வேறு ஆள், அவர் பிரிட்டிஷ் காமிக்ஸில் பிறந்தவர்.) அப்புறம் அதைப் புதுப்பிக்கக் கிளம்பியவர்கள் பலர். சொதப்பியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே இடத்தில்தான் சொதப்பியிருக்கிறார்கள்: பையன் செய்த தப்பில் கை வைத்திருக்கிறார்கள்.

மூலக் கதையில் அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கதிரியக்கச் சிலந்தி கடித்துச் சக்தி பெற்ற பீட்டர், டிவி நிகழ்ச்சி ஒன்றை முடித்துவிட்டு நிற்கிறான். போலீஸ்காரர் ஒருவர் திருடனைத் துரத்திக்கொண்டு வருகிறார், பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார். இவன் அசையவில்லை. திருடன் லிஃப்டில் ஏறித் தப்பிவிடுகிறான். “காலை நீட்டித் தடுக்கி விட்டிருந்தாலே போதுமே” என்று போலீஸ்காரர் திட்ட, அது உங்கள் வேலை என்கிறான் பீட்டர். அந்தத் திருடன் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை, போலீஸ்காரரும் செய்யவில்லை. புதுசாக வந்த காசும் கைதட்டலும் தந்த திமிர், அவ்வளவுதான். அதே திருடன்தான் பிறகு பீட்டரை வளர்த்த பென் பெரியப்பாவைச் சுட்டுக் கொல்கிறான்.

இந்தத் திமிரைக் காட்ட எழுத்தாளர்களுக்கு ஏனோ பயம். 2002-ல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ படத்தில் மல்யுத்தப் போட்டி நடத்துபவர் 3000 டாலர் என்று ஆசை காட்டி 100 டாலரைக் கையில் திணிக்கிறார். கொள்ளைக்காரன் அவர் பணத்தையே அடித்துக்கொண்டு ஓடுகிறான், பீட்டர் வழிவிடுகிறான். நமக்கே ‘நல்லா வேணும்’ என்று தோன்றுகிறது. காட்சி அருமைதான், ஆனால் பழியில் பாதி அந்த ஆள் தலைக்குப் போய்விடுகிறது. 2007-ல் வந்த மூன்றாம் பாகம் இன்னும் ஒரு படி மேலே போய், பெரியப்பாவைச் சுட்டது சாண்ட்மேன் என்ற வேறொரு வில்லன் என்றது. அந்தத் திருடனை விட்டதால்தான் பெரியப்பா செத்தார் என்ற நேர்க்கோடே அறுந்துபோயிற்று.

அடுத்த தவறு, எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போடுவது. 1998-ல் ஆரம்பித்த ‘சாப்டர் ஒன்’ காமிக்ஸ் தொடரில் ஜான் பைர்ன், பீட்டருக்கும் அவன் எதிரியான டாக்டர் ஆக்டோபஸுக்கும் ஒரே விபத்தில் சக்தி வந்ததாக மாற்றினார். நியூயார்க் என்ன அவ்வளவு சின்ன ஊரா? 2014-ல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2’ படம் பண்ணியது அதைவிட மோசம். பீட்டரின் அப்பா தன் டிஎன்ஏவைச் சிலந்திகளுக்குள் வைத்திருந்தாராம், அதனால் அவை வேறு யாரைக் கடித்தாலும் பலிக்காதாம்! யாருமே கண்டுகொள்ளாத ஒரு பையனுக்குத் தற்செயலாகக் கிடைத்த சக்தி, குடும்பச் சொத்தாகிவிட்டது.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. கதிரியக்கச் சிலந்தி 1962-ன் அணுசக்தி பயத்தில் பிறந்தது. 2000-ல் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸ் எழுதிய பிரையன் மைக்கேல் பெண்டிஸ் சிலந்தியை ஆய்வகத்து மரபணுச் சோதனைக்கு மாற்றினார். பத்திரிகைக்குப் புகைப்படம் விற்ற பீட்டர், அதே பத்திரிகையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனானான். கதைக்கு ஒரு கீறலும் விழவில்லை. 11 பக்கத்தை 7 இதழுக்கு நீட்டினார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஆனால் கூடுதல் பக்கங்களில் நிறைய பென் பெரியப்பாவுக்குப் போயின. மூலக் கதையில் அவர் சில கட்டங்களில் தலைகாட்டுவதோடு சரி. இங்கே பேசுகிறார், கோபப்படுகிறார், அதனால் அவர் சாவு வலிக்கிறது.

அப்புறம், பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வரும் என்ற அந்தப் பிரபல வசனம். 1962-ல் அதைப் பெரியப்பா சொல்லவே இல்லை. கதையின் கடைசிப் படக்கட்டத்தில் கதைசொல்லி எழுதும் வரி அது. தப்பு நடந்து முடிந்த பிறகு வருவதால்தான் தைக்கிறது. முன்கூட்டியே பெரியவர் வாயில் வைத்தால் உபதேசமாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

இடம் போதாவிட்டால் சிலந்தியையே வெட்டிவிடலாம். 2016-ன் ‘சிவில் வார்’ படத்தில் சிலந்தி கடிப்பதும் இல்லை, பெரியப்பா சாவதும் இல்லை. தன் அறையில் உட்கார்ந்து, நம்மால் முடிந்தும் செய்யாமல் விட்டு ஒரு கெட்டது நடந்தால் அது நம்மால்தான் நடந்தது என்று அயர்ன்மேனான டோனி ஸ்டார்க்கிடம் தயங்கித் தயங்கிச் சொல்கிறான் பீட்டர். என்ன நடந்தது என்று ஸ்டார்க் தோண்டிக் கேட்கவில்லை, படமும் சொல்லவில்லை.