பழைய கார் வயரிங் கோளாறு: பார்ட் மாற்றுவதற்கு முன்னால் மீட்டர் வைத்துப் பாருங்கள்

ஒரு மழைக்கால மாலையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வளைவு தாண்டும்போது பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது. ஹெட்லைட், வைப்பர், முன்கண்ணாடிக்குக் காற்றடிக்கும் பிளோயர் மூன்றும் ஓடுகின்றன, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹார்ன் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது, கையை எடுத்தால் திரும்ப வருகிறது. அடிவாரத்தில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 2003 மாடல் கார், நான் மூன்றாவது ஓனர். மறுநாளே புது பேட்டரி போட்டேன். பத்து நாளில் அதே டக். டைனமோவை (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்) கழற்றி வேலை பார்த்தார்கள், அப்போதும் சரியாகவில்லை. கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் பானெட்டைத் திறந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "கரண்ட் போறதுக்கு வழி இருக்குது தம்பி, திரும்பி வர்றதுக்குத்தான் வழி இல்லீங்க."

இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் பட்டை, அதாவது கரண்ட் திரும்பி வரும் வழி, போல்ட்டுக்கு அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்துப் போயிருந்தது. கழற்றித் தேய்த்து முறுக்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. பேட்டரிக்கும் டைனமோவுக்கும் கொடுத்த பணம் போனது போனதுதான். இருபது வருஷம் ஓடிய காரில் பொருள் கெட்டுப்போவதைவிட இணைப்பு கெட்டுப்போவதே அதிகம். அதை நீங்களே கண்டுபிடிக்கலாம், வீட்டு வாசலிலேயே.

தேவையானவை: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 10-ம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், கொஞ்சம் வாசலின், மாற்று ஃபியூஸ்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது, சாவி திருப்ப.

கை வைப்பதற்கு முன்: மோதிரம், கைச்சங்கிலி, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'டைனமோ சார்ஜ் ஆகுதா' என்று பார்க்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம், வோல்டேஜ் எகிறி இன்ஜின் கம்ப்யூட்டரையே அடித்துவிடும். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பொறி எதுவும் கூடாது. ஏர்பேக் இருக்கும் காரில் மஞ்சள் நிற வயர், கப்ளர் (வயர்களைக் கோர்க்கும் பிளக்) பக்கம் போகாதீர்கள்.

படி 1: பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் சாவி போடுவதற்கு முன் மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனை பிளஸ்ஸிலும் கறுப்பு முனை மைனஸிலும் வைத்துப் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது, முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற சோதனை எல்லாம்.

இப்போது கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்க (சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்ய) சொல்லிவிட்டு மீட்டரையே பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால், அதுவும் முழு சார்ஜ் இருந்த பேட்டரி என்றால், அதற்கு வயதாகிவிட்டது. சேலம் வெயிலில் பானெட்டுக்குள் வெந்து வெந்து பேட்டரி உள்ளே அரித்துப்போயிருக்கும், ஆனால் கீழே சமவெளியில் இருக்கும்வரை தெரியாது. டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி நிறுத்தினால் காலைக் குளிரில் காட்டிக்கொடுத்துவிடும்.

'டக்' மட்டும் கேட்கிறது, செல்ஃப் சுற்றவில்லை, ஆனால் மீட்டர் 12-ஐ விட்டு இறங்கவில்லை என்றால்? பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குத்தான் போய்ச் சேரவில்லை. இந்த ஒன்றை நான் அன்றைக்குப் பார்த்திருந்தால் புது பேட்டரி வாங்கியிருக்க மாட்டேன்.

படி 2: எர்த்

பிளஸ் பக்கம் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் ஓடுகிறது. மைனஸ் பக்கம் அப்படியில்லை, காரின் இரும்பு உடம்பே திரும்பி வரும் பாதை. அதனால் ஒரு எர்த் கெட்டால் சம்பந்தமே இல்லாத நாலைந்து இடத்தில் கோளாறு தெரியும். பிரேக் மிதித்தால் பார்க் லைட் மினுக்குவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பது, எல்லாமே பெரும்பாலும் எர்த் கோளாறுதான். விசித்திரமாக ஏதாவது நடந்தால் முதலில் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வெளியே பளபளவென்று இருக்கும், அடியில் களிம்பு இருக்கும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் முளையிலேயே அழுத்தி வையுங்கள், வயரின் கிளாம்பில் அல்ல. சிவப்பு முனையை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒருமுறைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம், செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். மீட்டர் 0.2, 0.3 வோல்ட் காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் திரும்பி வரும் பாதையில் எங்கேயோ தடை. என் காரில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

பிறகு சிவப்பு முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்துங்கள்: பேட்டரி கிளாம்ப், பாடியில் முறுக்கிய போல்ட், எர்த் பட்டையின் இந்த முனை, அந்த முனை. எந்த இடத்தில் எண் திடீரென்று ஏறுகிறதோ அங்கேதான் கோளாறு. அதைக் கழற்றி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கமாக முறுக்கி, மேலே வாசலின் தடவிவிடுங்கள். பட்டையின் இழைகள் அறுந்திருந்தால் புதிது போடுங்கள்.

படி 3: சார்ஜ் ஆகிறதா

இன்ஜினை ஓடவிட்டு கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து பேட்டரியில் அளந்தால் 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், பிளோயர் எல்லாம் போட்டாலும் 13.2-க்குக் கீழே போகக் கூடாது. போனால் பெல்ட் தொய்வா, கப்ளர் தளர்வா என்று பார்த்துவிட்டு அப்புறம் டைனமோவைச் சந்தேகப்படுங்கள். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, வண்டியை ஓட்டாமல் காட்டிவிடுங்கள்.

மலையில் ஏறும்போது சின்ன கியரில் இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் சார்ஜ் நன்றாகவே இருக்கும். பனிமூட்டத்தில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஐடிலில் ஊரும்போதுதான் இழுபறி.

படி 4: ஹெட்லைட் மங்கல்

விளக்கை எரியவிட்டு, பல்பின் கப்ளருக்குப் பின்னாலேயே அளந்து பாருங்கள். பேட்டரியில் 14 இருந்து பல்பில் 12.5 வந்தால் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போகிறது. வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஹாலஜன் பல்பின் குணம் அப்படி. இதற்காக 100 வாட் பல்பு மாட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 60 வாட் பல்புக்கு 5 ஆம்ப், 100 வாட்டுக்கு 8 ஆம்ப்புக்கு மேல். பழைய சுவிட்சும் வயரும் உருகிவிடும். எர்த்தைச் சுத்தம் செய்து, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) வைத்து பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு புது வயர் இழுங்கள், பழைய பல்பே போதும்.

இண்டிகேட்டர் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அவ்வளவுதான்.

படி 5: நின்ற இடத்தில் பேட்டரி இறங்கினால்

சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் ஓட்டைக்கு மாற்றி, திருகியை ஆம்ப்பில் வைத்து, கழற்றிய வயருக்கும் மைனஸ் முளைக்கும் நடுவில் மீட்டரைக் கோர்த்துவிடுங்கள். அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள். 0.05 ஆம்ப் வரை சரி. அதற்கு மேல் என்றால் ஏதோ தின்றுகொண்டிருக்கிறது. 0.3 ஆம்ப் என்பது சின்ன எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரு நாளைக்கு 7 ஆம்ப்-அவர் போகும். 35 ஆம்ப்-அவர் பேட்டரி ஐந்தே நாளில் காலி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் திருடன். டிக்கி லைட், முந்தைய ஓனர் மாட்டிய ஸ்டீரியோ, ரிமோட் லாக் மூன்றும் வழக்கமான ஆட்கள். எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் விழவில்லை என்றால் டைனமோவின் டையோடைப் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் கோர்த்திருக்கும்போது செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரோ அதன் ஃபியூஸோ போய்விடும். முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மறக்காமல் மாற்றிவிடுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய நம்பர் போடாதீர்கள், வெள்ளித்தாளும் சுற்றாதீர்கள். 10 ஆம்ப் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எது இருந்ததோ அதுவே. ஏற்காட்டில் மரத்தடியில் நிறுத்துபவர்கள் இரண்டு இடம் கூடுதலாகப் பாருங்கள். வைப்பருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் ஓட்டையை சில்வர் ஓக் இலை அடைத்தால் மழைநீர் உள்ளே வழிந்து ஃபியூஸ் பெட்டியில் இறங்கும். இன்னொன்று எலி, இன்ஜின் சூட்டுக்கு வந்து படுத்து வயரைக் கடித்துவிடும். வயர் கருகிய வாசனை வந்தால் மட்டும் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எந்த இடத்தில் எத்தனை வோல்ட் காட்டியது என்று எழுதி வைத்த தாளையும் அவரிடம் கொடுங்கள்.