குறைந்த திறனுள்ள மடிக்கணினியில் பழைய கன்சோல் விளையாட்டுகளைத் திக்காமல் ஓட்டுவது எப்படி?

மலேசியாவில் கோவிட் தொற்றைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில், பிள்ளைகளின் இல்லிருப்புக் கற்றலுக்காக வாங்கிய விலை குறைந்த மடிக்கணினிகள் பினாங்கில் பல வீடுகளின் அலமாரிகளில் இன்றும் இருக்கின்றன. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காள் வீட்டில் அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்து வந்து, "மாமா, இதில் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டு ஓடுமா?" என்று அவர் மகன் கேட்டான். இன்டெல் செலரான் என்4020 பிராசசர், 4 ஜிபி ரேம், 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரை: அதில் இருந்தவை அவ்வளவுதான். முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது ஒலி கரகரத்தது, படம் விட்டு விட்டு நகர்ந்தது. இப்போது அதே கணினியில் விளையாட்டுகள் சீராக ஓடுகின்றன. கணினிக்குப் புதிய பாகம் எதுவும் வாங்காமல் அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதை, எமுலேட்டரை இதுவரை தொட்டிராதவரும் பின்பற்றும் வகையில் எழுதுகிறேன்.

16.7 மில்லிநொடிக் கணக்கு

எமுலேட்டர் என்பது ஒரு கன்சோலின் வன்பொருள் செய்த வேலை முழுவதையும் மென்பொருளாகச் செய்து காட்டும் செயலி. முதல் பிளேஸ்டேஷனின் பிராசசர் 33.8688 மெகாஹெர்ட்ஸ் வேகமும், முதன்மை நினைவகமாக 2 எம்பி ரேமும் மட்டுமே கொண்டது. என்4020 அதிகபட்சம் 2.8 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும் என்பதால், எண்பது மடங்கு வேகம் போதாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கன்சோலுக்குள் பிராசசரும் வரைகலைச் சில்லும் ஒலிச் சில்லும் ஒரே நேரத்தில் தனித்தனியாகச் செய்த வேலையை, எமுலேட்டர் பெரும்பாலும் ஒரே கோரில் (பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு பகுதியில்), ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொரு கட்டளையையும் நம் கணினிக்குப் புரியும் கட்டளைகளாகப் பெயர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கோர்களின் எண்ணிக்கையைவிட ஒற்றைக் கோரின் வேகமே இங்கு முக்கியமாவது அதனால்தான்.

திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கும். இதில் சராசரி நமக்கு உதவாது. ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் பத்து மில்லிநொடியில் முடிந்து, ஒன்று மட்டும் நாற்பது மில்லிநொடி எடுத்துக்கொண்டால், படம் அந்தக் கணத்தில் தடுக்கும்; அத்தகைய ஃபிரேம்கள் அடுத்தடுத்து வந்தால் ஒலியும் கரகரக்கும். கணினியை வேகமாக்குவது நம் வேலையன்று; எந்த ஃபிரேமும் தன் நேரத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வதே நம் வேலை. கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஒரு நோக்கத்தோடு படியுங்கள்.

எந்தக் கன்சோலைத் தொடுவது?

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 1983இல் வந்த ஃபாமிகாம், 1988இல் வந்த மெகா டிரைவ், 1990இல் வந்த சூப்பர் ஃபாமிகாம், 2001இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் ஆகியவை இத்தகைய கணினிக்குப் பெரும் சுமையல்ல. 1994இல் வந்த பிளேஸ்டேஷனும் வசதியாக ஓடும். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப், வீ ஆகியவற்றை இந்தக் கணினியில் முயல வேண்டாம் என்றே சொல்வேன். அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் மனம் நோவதே மிச்சமாகும்.

கன்சோலின் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் பிழை. 1996இல் வந்த நின்டென்டோ 64, அதன் வரைகலைத் துணைச்சில்லு இயங்கும் விதத்தால் எமுலேட்டருக்குக் கடினமானது. சில விளையாட்டுகள் நன்றாக ஓடும், சில ஓடா. 2004இல் வந்த சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி அதைவிடப் புதியதாக இருந்தும், பிபிஎஸ்எஸ்பிபி என்னும் எமுலேட்டர் அந்தக் கருவியின் இயங்குதளச் சேவைகளைத் தானே நேரடியாக வழங்கிவிடுவதால், பல விளையாட்டுகள் எளிய கணினியிலும் ஓடிவிடுகின்றன.

விளையாட்டுக் கோப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகையால் உங்களிடம் இருக்கும் அசல் வட்டுகளிலிருந்து நீங்களே எடுத்த பிரதிகளையும், ஆர்வலர்கள் தாமே படைத்து இலவசமாக வெளியிட்ட 'ஹோம்புரூ' விளையாட்டுகளையும் மட்டும் பயன்படுத்துங்கள். பிளேஸ்டேஷன் வட்டைச் சாதாரண யூஎஸ்பி டிவிடி டிரைவால் படிக்க முடியும். இம்ஜ்பர்ன் போன்ற செயலி அதை 'பின்' (.bin), 'கியூ' (.cue) என்ற இரு கோப்புகளாகச் சேமித்துத் தரும். அந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே கோப்புறையில் வைத்திருக்க வேண்டும்.

எமுலேட்டருக்கு முன் கணினி

பலரும் எமுலேட்டரின் அமைப்புகளிலேயே மணிக்கணக்காக உழல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் அதற்கு வெளியே இருந்தது.

விலை குறைந்த மடிக்கணினிகள் பல, விண்டோஸின் எஸ் மோட் என்ற கட்டுப்பாட்டுடன் வருகின்றன. அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே எடுத்த செயலிகளை நிறுவ முடியாது. அதிலிருந்து வெளியேறக் கட்டணம் இல்லை. ஆனால் வெளியேறிய பிறகு திரும்ப முடியாது என்பதால், கணினி யாருடையதோ அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, சார்ஜரை இணைத்துவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்ற பகுதிக்குச் சென்று, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என மாற்றுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்டப் பகுதியில், கணினியோடு தாமாகத் தொடங்கும் தேவையற்ற செயலிகளை நிறுத்துங்கள். 4 ஜிபி ரேமில் பெரும்பகுதியை விண்டோஸே எடுத்துக்கொள்கிறது. தனி வரைகலை அட்டை இல்லாததால் படத்துக்கான நினைவகமும் அதே ரேமிலிருந்துதான் போகிறது. ஆகவே விளையாடும்போது பிரௌசரை முழுமையாக மூடிவிட வேண்டும். விளையாட்டுக் கோப்புகளை ஒன்டிரைவ் கோப்புறையில் வைக்காமல், சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறை உருவாக்கி அதில் வையுங்கள்.

இனி வெப்பம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் இது முதன்மையான காரணம். என்4020 வெறும் 6 வாட் அளவில் வடிவமைக்கப்பட்ட பிராசசர். அதைக் கொண்ட பல கணினிகளில் காற்றாடியே கிடையாது. உடலே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். குளிர்சாதனம் இல்லாத அறையில் பிற்பகல் வேளையில், மெத்தையின்மேல் வைத்து விளையாடினால், சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடிய விளையாட்டு பிறகு திக்கத் தொடங்கினால், வேறு எதையும் தேடாமல் இதைச் சந்தேகியுங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூ வேகத்தைப் பாருங்கள்: தொடக்கத்தில் 2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி இருந்த எண், அடிப்படை வேகமான 1.1ஐ நோக்கி இறங்கியிருந்தால் காரணம் உறுதி. கணினியை மேசைமேல் வைத்து, பின்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு பாட்டில் மூடிகளை வைத்து உயர்த்தி, மேசை விசிறி ஒன்றின் காற்று அடியில் புகும்படி திருப்பினோம். அக்காள் வீட்டுக் கணினியில் பெரிய மாற்றம் தந்தது இந்த ஒரு செயல்தான்.

ரெட்ரோஆர்க்கும் கோர்களும்

ரெட்ரோஆர்க் ஓர் இலவசச் செயலி. ஒவ்வொரு கன்சோலுக்குமான எமுலேட்டர் அதற்குள் 'கோர்' என்ற பெயரில் தனித்தனியாகச் சேர்க்கப்படுகிறது. பிராசசரின் கோரும் இதுவும் வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து விண்டோஸ் 64 பிட் பதிப்பை நிறுவிய பின், மெயின் மெனுவில் 'லோட் கோர்', அதற்குள் 'டவுன்லோட் எ கோர்' என்று சென்று தேவையானதை இறக்கிக்கொள்ளலாம்.

கோர் தேர்வில் சிக்கனம் தேவை. சூப்பர் ஃபாமிகாமின் பிராசசர் 3.58 மெகாஹெர்ட்ஸ் வேகம்தான் கொண்டது. ஆனாலும் துல்லியத்தையே குறிக்கோளாகக் கொண்ட பிஎஸ்னெஸ் என்ற எமுலேட்டர், முழுத் துல்லியத்துடன் ஓட ஏறத்தாழ 3 கிகாஹெர்ட்ஸ் கணினியைக் கேட்டது. அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் நம் கணினிக்கு ஸ்னெஸ்9எக்ஸ் போதும். மெகா டிரைவுக்கு ஜெனசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ, பிளேஸ்டேஷனுக்கு ஸ்வான்ஸ்டேஷன் ஆகியவற்றை நான் பரிந்துரைக்கிறேன். பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோரும் நல்லதே. ஆனால் சுமை கூடியது. ஸ்வான்ஸ்டேஷனுக்குப் பிளேஸ்டேஷனின் பயாஸ் கோப்பு, அதாவது கன்சோலைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள், தேவை. 512 கேபி அளவுள்ள அதை உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்து, ரெட்ரோஆர்க்கின் 'சிஸ்டம்' கோப்புறையில் வைக்க வேண்டும்.

செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை அதிகமில்லை. டிரைவர்ஸ் பகுதியில் மெனுவை 'ஆர்ஜியூஐ' என மாற்றினால் மெனுவின் சுமை குறையும். லேட்டன்சி பகுதியில், பொத்தானை அழுத்துவதற்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்கும் 'ரன் அஹெட்' அணைந்திருக்க வேண்டும். அது ஒரே ஃபிரேமுக்காகக் கணினியை இரட்டிப்பாக உழைக்க வைக்கும். 'ரீவைண்ட்' வசதியையும், பழைய தொலைக்காட்சி போலக் காட்டும் ஷேடர்களையும் அணைத்து வையுங்கள். ஃபிரேம்களைத் திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் விசிங்க் இயங்கட்டும். ஒலி மட்டும் கரகரத்தால், ஆடியோ லேட்டன்சியை 64லிருந்து 96 அல்லது 128 மில்லிநொடியாக உயர்த்துங்கள். 'த்ரெடட் வீடியோ' சில வேளை ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டும் என்றாலும், அசைவின் சீர்மையைக் கெடுக்கக்கூடும் என்பதால் அதைக் கடைசிக்கு விடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, விளையாட்டின் அதே இடத்தில் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

கையிருப்பை அளப்பது

ஆன்ஸ்கிரீன் டிஸ்பிளே பகுதியில் ஃபிரேம்ரேட் காட்டும் வசதியை இயக்குங்கள். அதில் 60 என்று தெரிந்தால் மட்டும் நிறைவடைய வேண்டாம். விளையாட்டின் பரபரப்பான இடத்தில் ஸ்பேஸ் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் தொடங்கும். அப்போது கணினி தன்னால் முடிந்த முழு வேகத்தில் ஓடும். அங்கே 180 என்று வந்தால் தேவையைப்போல் மும்மடங்கு கையிருப்பு இருக்கிறது, கவலையில்லை. 70 மட்டுமே வந்தால், சற்றுச் சூடேறியதும் திக்கப் போகிறது என்று அறிந்து, இலேசான கோருக்கு மாறுங்கள். எந்த விளையாட்டு எந்தக் கணினியில் ஓடும் என்று பிறரிடம் கேட்பதைவிட, இந்த ஒரு நிமிடச் சோதனை உறுதியான விடை தரும்.

கணினியின் குற்றம் அல்லாதவை

மலேசியத் தொலைக்காட்சி, 2019இல் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும் வரை, 50 ஹெர்ட்ஸில் இயங்கும் பிஏஎல் முறையைப் பின்பற்றியது. ஐரோப்பியப் பதிப்பு விளையாட்டுகளும் அந்த முறையில் ஆனவை. அவற்றை ஓட்டும்போது 50 என்று காட்டுவதே முழு வேகம். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 ஃபிரேமைக் காட்டும்போது நொடிக்குப் பத்து ஃபிரேம்கள் இருமுறை தோன்றும். அசைவு சீரற்றுத் தெரிவது அதனால்தான். எந்த அமைப்பை மாற்றினாலும் அது முழுமையாகத் தீராது. அமெரிக்க அல்லது ஜப்பானியப் பதிப்பு உங்களிடம் இருந்தால் அதை ஓட்டுங்கள்.

காட்சி நகரும்போது புள்ளிகள் நெளிவதுபோலத் தெரிந்தால், படம் முழு எண் மடங்கில் பெரிதாக்கப்படவில்லை என்று பொருள். வீடியோ பகுதியில் 'இன்டிஜர் ஸ்கேல்' வசதியை இயக்குங்கள். கேம்பாய் அட்வான்ஸின் 240க்கு 160 படம் நான்கு மடங்காகி 960க்கு 640 ஆக, 768 புள்ளித் திரைக்குள் அழகாக அமரும். சுற்றிலும் கருப்பு ஓரம் இருப்பது இயல்பு.

சூப்பர் ஃபாமிகாமில் கிராடியஸ் 3 போன்ற சில விளையாட்டுகள், திரையில் எதிரிகள் நிறைந்தவுடன் அசல் கன்சோலிலேயே மெதுவாகும். ஃபிரேம்ரேட் 60இல் நிற்க விளையாட்டு மட்டும் மெதுவானால், எமுலேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

பிஎஸ்பி

இதற்குப் பிபிஎஸ்எஸ்பிபியைத் தனிச் செயலியாகவே நிறுவுங்கள், பயாஸ் தேவையில்லை. ரெண்டரிங் ரெசல்யூஷனை 1 மடங்கில், அதாவது பிஎஸ்பியின் சொந்த அளவான 480க்கு 272இல் வையுங்கள். படம் வரையும் முறையைத் தேர்ந்தெடுக்கும் பேக்எண்டில் வல்கன், ஓபன்ஜிஎல், டைரக்ட்3டி 11 ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, உங்கள் கணினிக்கு எது ஒத்துவருகிறதோ அதைக் கொள்ளுங்கள். கனமான விளையாட்டுக்கு மட்டும், சில ஃபிரேம்களை வரையாமல் தாண்டும் ஃபிரேம்ஸ்கிப்பை 1 எனக் கொடுக்கலாம். 'ஸ்கிப் பஃபர் எஃபெக்ட்ஸ்' வேகம் கூட்டும். ஆனால் சில விளையாட்டுகளில் படத்தைக் கெடுக்கும்.

கடைசியாகச் சேமிப்பு

ஒரு விளையாட்டுக்கென்று மாற்றிய அமைப்புகளை, குயிக் மெனுவின் ஓவர்ரைட்ஸ் பகுதியில் அந்த விளையாட்டுக்கு மட்டும் எனச் சேமியுங்கள். எஃப்2 பொத்தானால் எடுக்கும் சேவ் ஸ்டேட் (விளையாட்டின் அந்தக் கணத்தை அப்படியே பதிந்துவைக்கும் கோப்பு), கோரைப் புதுப்பித்த பிறகு திறக்காமல் போகலாம். ஆகவே விளையாட்டுக்குள் இருக்கும் சேமிப்பையும் தவறாமல் பயன்படுத்துங்கள். கணினியில் எல்லாம் சீராக ஓடத் தொடங்கியதும், ரெட்ரோஆர்க் கோப்புறை முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். விண்டோஸை மீண்டும் நிறுவ நேர்ந்தாலும், அந்தக் கோப்புறையைத் திரும்ப வைத்த உடனே கோர்களும் அமைப்புகளும் சேமிப்புகளும் விட்ட இடத்திலேயே கிடைக்கும்.