பூசணி விதை ஒருவழியாக மொறுமொறுவென்று வந்தது

அக்டோபரில் ஹாலோவீனுக்காகச் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணியின் விதையைச் சர்க்கரை, பட்டைத்தூளோடு ஓவனில் வைத்தால் மேலே கருகியது, உள்ளே சவசவ. சூட்டைக் குறைத்தேன்: பிசுபிசுப்பு. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய்: அதேதான்.

சிக்கல் ஈரத்தில். விதையைச் சுற்றிய கண்ணாடி போன்ற வழவழப்பு சாதாரணமாகக் கழுவினால் போகாது. ஒரு கப் விதையை உப்புநீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, பருத்தித் துணியில் தேய்த்தால் கழன்றுவிடும். காகிதத்தில் உலர்த்தாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரை இல்லாமல், ஒரு டீஸ்பூன் எண்ணெய் புரட்டி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வறுங்கள், நடுவில் கிளறுங்கள். ஆறிய ஒன்றை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும்.

பிறகே இனிப்பு: வாணலியில் 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒன்றரை டேபிள்ஸ்பூன் தண்ணீர். பாகு நுரைத்துக் கெட்டியானதும் விதை, பட்டைத்தூள் போட்டு, சர்க்கரை வெள்ளையாகப் பூக்கும்வரை கிளறி இறக்குங்கள். முழுக்க ஆறாமல் டப்பாவை மூடினால் நமத்துவிடும். அப்பாடா!