ஆட்டோ வரும்வரை கை சும்மா இருக்கக் கூடாது: சி.பி.ஆர். செய்வது எப்படி?

வேலூர்க்காரர்களான நமக்கு நோய் என்றால் ஒரு தைரியம் உண்டு. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை மையம் இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதனால்தான் யாராவது மயங்கி விழுந்தால், ‘தூக்குங்கள், ஆட்டோவைக் கூப்பிடுங்கள்’ என்ற பேச்சுதான் நம் வாயில் முதலில் வருகிறது. பல நோய்களுக்கு அந்த வேகம் சரி. இதயத் துடிப்பே நின்றுபோனவருக்கு அந்த வேகம் உதவாது, ஏனென்றால் இரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும். காட்பாடியில் வண்டியில் ஏற்றியவரைப் பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் நெரிசலைக் கடந்து கொண்டுசேர்ப்பதற்குள் அந்த நேரம் பல மடங்கு கடந்திருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் குடியாத்தத்தில் ஒரு திருமண மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த எங்கள் பெரியப்பா இலையின் மேலேயே சாய்ந்தார். நான்கு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் கிடத்தினோம். அவர் தலை என் மடியில் இருந்தது. ஏறக்குறைய இருபது நிமிடம், கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையால் அவர் முகத்துக்கு விசிறிக்கொண்டே போனேன். செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்திருந்தால், அந்த மண்டபத்துத் தரையிலேயே அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருப்பேன். இப்போது நான் முதலுதவி வகுப்பு எடுக்கும் இடங்களிலெல்லாம் அந்த இருபது நிமிடத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவது. அவருக்கு நெஞ்சு வலிக்கும், வியர்த்துக் கொட்டும், வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவலாம். ஆனால் நினைவு இருக்கும், பேசுவார். அவர் நெஞ்சை அழுத்தக் கூடாது. ‘வாயுப் பிடிப்புதான்’ என்று சோடாவும் ஓமத் திரவமும் கொடுத்துக் காலம் கடத்தாமல், நடக்கவிடாமல் சாய்த்து உட்காரவைத்து, 108-ஐ அழையுங்கள். ஒவ்வாமையும் இரத்தக்கசிவு நோயும் இல்லாதவர் என்றால், 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள். இதய நிறுத்தம் வேறு: இதயம் இரத்தத்தை வெளியே தள்ளுவதே நின்றுவிடும், ஆள் சட்டென்று நினைவிழந்து விழுவார். நின்ற இதயத்துக்குப் பதிலாக நெஞ்சை அழுத்தி இரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவியான சி.பி.ஆர். அவருக்குத்தான்.

விழுந்தவரை அணுகும் முன், அந்த இடம் உங்களுக்கு ஆபத்தில்லையா என்று பாருங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தும்வரை அவரைத் தொடாதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளிலும் நம் வீட்டுக் கழிவுத் தொட்டிகளிலும் விஷவாயு தேங்கியிருக்கும். உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குவதும், அவரைத் தேடி இன்னொருவர் இறங்குவதுமாகத்தான் சாவு ஒன்று மூன்றாகிறது. தீயணைப்புத் துறையினர் வரும்வரை யாரையும் இறங்கவிடாதீர்கள்.

இடம் பாதுகாப்பானது என்றால், தோள்கள் இரண்டையும் தட்டி, பலமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். இதற்குப் பத்து விநாடிக்கு மேல் செலவிடாதீர்கள். நாடி பார்ப்பது பயிற்சி இல்லாதவருக்குச் சரியாக வராது, அதில் நேரம் போக்க வேண்டாம்.

இந்த இடத்தில்தான் நம் மக்கள் இரண்டு வகையில் ஏமாந்துபோகிறார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில், தரையில் போட்ட மீனைப் போல எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து மூச்சை இழுப்பார்கள். ‘மூச்சு இழுக்கிறது, உயிர் இருக்கிறது’ என்று சுற்றியிருப்பவர்கள் காத்திருப்பார்கள். அது மூச்சு அல்ல. மூளைத்தண்டு கடைசியாகத் தரும் அனிச்சைச் செயல். இன்னொன்று, மூளைக்கு இரத்தம் நின்றவுடன் சிலருக்குக் கைகால் சிறிது நேரம் வெட்டி இழுக்கும். உடனே வலிப்பு என்று நினைத்து, சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். உண்மையான வலிப்புக்கும் இரும்பு ஒன்றும் செய்யாது. இங்கோ, சாவியைத் தேடும் நேரத்தில் உயிர் போய்விடும். நினைவும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால் இதய நிறுத்தம் என்றே முடிவு செய்யுங்கள். ஒருவேளை உங்கள் முடிவு தவறாக இருந்தாலும், துடிக்கிற இதயத்தின்மேல் சிறிது நேரம் அழுத்தியதால் பெரிய கேடு நேர்வது அரிது.

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்து, 108-ஐ அழைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். சலவன்பேட்டை, கொசப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் கதவு எண் மட்டும் சொன்னால் போதாது. கோயில், மசூதி, ரேஷன் கடை என்று ஓர் அடையாளம் சொல்லி, தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள்.

இனி அழுத்தும் முறை. கட்டில் மெத்தையில் இருப்பவரைக் கெட்டியான தரைக்கு மாற்றுங்கள். மெத்தையின் மேல் அழுத்தினால் அமுங்குவது மெத்தைதான். அவர் நெஞ்சுக்கு அருகில், ஒட்டினாற்போல் மண்டியிடுங்கள். நெஞ்சின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன் மேல் மற்றக் கையை வைத்து விரல்களைக் கோத்து, விலா எலும்புகளில் படாமல் விரல்களைத் தூக்கிக்கொள்ளுங்கள். முழங்கைகளை மடக்காதீர்கள். ஒரு வகுப்பில், வீட்டில் தினமும் சப்பாத்தி செய்யும் அம்மா ஒருவர், பழக்கத்தில் மாவு பிசைவதைப் போலவே முழங்கையை மடக்கி மடக்கி அழுத்தினார். இருபது அழுத்தத்தில் கை சோர்ந்துவிட்டது. ‘கையால் தள்ளாதீர்கள், தோளைக் கைகளுக்கு நேர் மேலே கொண்டுவந்து உடம்பின் பாரத்தை இறக்குங்கள்’ என்றேன். அதே அம்மா அதன்பின் இரண்டு நிமிடம் முழுதாக அழுத்தினார்.

பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ. வரை, வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழும்பட்டும், ஏனென்றால் அப்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் திரும்ப வந்து நிரம்பும். கையை அங்கிருந்து எடுக்காமல் பாரத்தை மட்டும் தளர்த்தினால் போதும். எண்ணுவதில் ஒரு சிக்கலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஒழுங்காகத் தொடங்குபவர்கள், பதினொண்ணு, இருபத்தேழு என்று சொல் நீள நீள வேகத்தை இழந்துவிடுகிறார்கள். ஆகவே பத்துவரை மூன்று முறை எண்ணுங்கள். முப்பது அழுத்தங்கள் 15 முதல் 18 விநாடிக்குள் முடிந்தால் வேகம் சரி.

அழுத்தும்போது விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள், முறிந்த எலும்பு பிறகு கூடிக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, களைப்பு தெரிகிறதோ இல்லையோ, ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். வேலூர்க் கோடையில் தார்ச்சாலையில் செய்ய நேர்ந்தால் இது இன்னும் அவசியம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் 1960-இல் இந்த முறையை வெளியிட்டபோதே, தேவைப்படுவது இரண்டு கைகள்தான் என்று எழுதினார்கள். அவர்களில் கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர் என்பதை வகுப்பில் தவறாமல் சொல்வேன், மருத்துவம் படிக்காத நமக்கு இது எப்படி வரும் என்று தயங்குபவர்களுக்காக.

வாயோடு வாய் வைத்து ஊதத்தான் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 ஊதல் என்று செய்யலாம். பயிற்சி இல்லாதவர், தயக்கமுள்ளவர், திடீரென விழுந்த பெரியவருக்கு விடாமல் அழுத்தினாலே போதும். இந்தியப் பொதுமக்களுக்கு இந்திய உயிர்மீட்பு மன்றமும் அழுத்தத்தை மட்டுமே பரிந்துரைத்திருக்கிறது. பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயால் ஊதாதீர்கள், விஷம் உங்களையும் தாக்கும்.

நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் கணக்கு மாறுகிறது, அவர்களுக்கு முதலில் தீர்ந்துபோவது மூச்சுக்காற்று. விடுமுறையில் விவசாயக் கிணற்றிலும் ஏரியிலும் குளிக்கப் போகும் பிள்ளைகளை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். மேலே கொண்டுவந்த பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரக்கேடு. இரைப்பையிலிருந்து வெளிவருவது நுரையீரலுக்குள் போகவும் கூடும். தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு எழும்பும் அளவுக்கு முதலில் இரண்டு முறை ஊதுங்கள். பிறகு அழுத்துங்கள். பிள்ளைகளுக்கு ஆழம் நெஞ்சுக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 5 செ.மீ.; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டை விரல்களால் சுமார் 4 செ.மீ.

தொண்டையில் உணவு சிக்கிப் பேச்சும் இருமலும் வராமல் திணறுபவருக்கு, முன்னால் குனியவைத்து முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள். வெளிவரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் மார்பெலும்புக்கும் இடையில் மடக்கிய கைமுட்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்நோக்கி மேலாக ஐந்து முறை இழுங்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வேண்டாம், மார்பில் அழுத்துங்கள். நினைவிழந்து சரிந்தால், மேலே சொன்ன சி.பி.ஆர்.தான்.

இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏ.இ.டி. கருவி கிடைத்தால் உடனே கொண்டுவரச் செய்யுங்கள். திறந்து இயக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கருவியே பேசும். ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழ் விலாப்புறத்திலும் ஒட்டுங்கள். வியர்வையை முதலில் துடைத்துவிடுங்கள். மின்னதிர்வு கொடுக்கும்போது யாரும் அவரைத் தொடக் கூடாது. கொடுத்த மறுகணமே மறுபடி அழுத்தத் தொடங்குங்கள். சி.பி.ஆர். கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. இடைவிடாமல் அழுத்தினால் அந்தச் சரிவு ஏறக்குறைய பாதியாகும்.

போலீஸ் வழக்கு வருமோ என்று ஒதுங்கி நிற்பவர்களும் இருக்கிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எதுவும் கூடாது என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டு வழிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மலையடிவாரத்தில், ஜவ்வாது மலைக் கிராமங்களில் அந்தச் சத்தம் கேட்கவே வெகுநேரம் ஆகலாம். எவ்வளவு நேரமானாலும் ஆட்களை மாற்றி மாற்றித் தொடருங்கள். வந்தவர்களிடம் எத்தனை மணிக்கு விழுந்தார், எப்போது அழுத்தத் தொடங்கினீர்கள், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் அழுத்திக்கொண்டே சொல்லுங்கள். அவர் அசைந்து இயல்பாக மூச்சுவிடும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் ஊழியரின் கை அந்த நெஞ்சின் மேல் வரும்வரை, உங்கள் கை அங்கேயே இருக்கட்டும்.