ஐஎஸ்ஓ 400-லேயே நின்றுவிடாதீர்கள்: நாய்ஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கேமரா வாங்கியவர்களின் படங்களைப் பார்த்தால், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள் என்று தெரிகிறது. ஐஎஸ்ஓ என்பது படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பு, நாய்ஸ் என்பது படத்தில் தெரியும் புள்ளிக் கரகரப்பு. இரவில் வைத்த ஐஎஸ்ஓ 6400-ஐ மறந்துபோய் மறுநாள் வெயிலில் எடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் தெளியும்.

ஐஎஸ்ஓவைக் கூட்டப் பயப்படுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். "800-ஐத் தாண்டினால் படம் கெட்டுவிடும்" என்று யாரோ சொல்லிவைக்க, அது வேதவாக்காகிவிட்டது.

சமீபத்தில் ஒரு தம்பி, உள்ளரங்க நடன நிகழ்ச்சியில் எடுத்த படங்களைக் கொண்டுவந்தார். அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 2.8; ஷட்டர் 1/250 நொடி. அதுவரை சரி, ஆடுகிறவர்களின் கை கலங்காமல் விழ அந்த வேகம் வேண்டும். அந்த மேடை வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 3200 தேவை. இவரோ 400-ஐ விட்டு நகரவே இல்லை. எல்லாப் படமும் 3 ஸ்டாப் இருட்டு, அதாவது வேண்டிய பிரகாசத்தில் எட்டில் ஒரு பங்குதான். "லைட்ரூம்ல ஏத்திக்கலாம்ணே, நாய்ஸ் வராதுல்ல?" என்கிறார். படம் திருத்தும் அந்த மென்பொருளில் ஏற்றிப் பார்த்தோம். முகங்களின் நிழல் பக்கமெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் புள்ளிகள். பின்னாலிருந்த கறுப்புத் திரையில் பட்டை பட்டையாகக் கோடுகள்.

சென்சாருக்குள் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதை அபெர்ச்சரும் ஷட்டரும்தான் தீர்மானிக்கின்றன. ஐஎஸ்ஓ, வந்துசேர்ந்த சிக்னலைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். ஒளி சீராக வராது, ஃபோட்டான் எனும் துகள்களாகத்தான் வரும். ஒரு பிக்சலில் 10,000 ஃபோட்டான் விழுந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 ஃபோட்டான்தான் விழுந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம். கண்ணை உறுத்தும் நாய்ஸில் பெரும்பங்கு இதுதான். தம்பி 400-ல் எடுத்தாலும் 3200-ல் எடுத்தாலும் உள்ளே போன வெளிச்சம் ஒன்றேதான். போதாததற்கு, சிக்னலைப் படிக்கும்போது கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸ் சேர்க்கிறது. பல கேமராக்களில் குறைந்த ஐஎஸ்ஓவில் இதன் பங்கு அதிகம். கணினியில் 8 மடங்கு ஏற்றும்போது அதுவும் சேர்ந்தே ஏறும். ஐஎஸ்ஓ எதுவானாலும் வித்தியாசம் காட்டாத சென்சார்கள் இப்போது இருக்கின்றனவே என்று சிலர் வாதிடுவார்கள். இருக்கட்டும், அவற்றிலும் குறைந்த ஐஎஸ்ஓவால் நாய்ஸில் நஷ்டம் இல்லை என்பதைத் தவிர லாபம் ஒன்றுமில்லையே.

தம்பி ஜேபெக்கில் வேறு எடுத்திருந்தார். ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. இருட்டில் கிடக்கும் அந்தச் சில படிகளை இழுத்தால் பட்டை விழாமல் என்ன செய்யும்? அதோடு, ஐஎஸ்ஓ 400 என்பதால் கேமராவும் நாய்ஸ் ரிடக்ஷனை லேசாகத்தான் போட்டிருக்கும்.

இன்னொரு கோஷ்டி ஐஎஸ்ஓவைக் காப்பாற்ற ஷட்டரை 1/30-க்கு இறக்கும். நாய்ஸ் குறையும், உண்மைதான். ஆடுகிறவர்களின் முகமும் கூடவே இழுபட்டுப் போகும். நாய்ஸைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், இழுபட்ட முகத்தை ஒன்றும் செய்ய முடியாது. அசையாத பொருள், ட்ரைபாட் கையில் இருக்கிறது என்றால் மட்டும் ஐஎஸ்ஓ 100-ல் வைத்து ஷட்டரை நீட்டுங்கள். அங்கே வெளிச்சம் நிஜமாகவே கூடுதலாக உள்ளே போகிறது.

ஆட்டோ ஐஎஸ்ஓவில் உச்சவரம்பை மட்டும் வைப்பது

கேமராவே ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் வையுங்கள்.

100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து வருந்துவது

24 மெகாபிக்சல் படத்தை 6-க்குச் சுருக்கினாலே நாய்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிடும். பார்க்கப்போகும் அளவில் பாருங்கள்.

ஹை ஐஎஸ்ஓ நாய்ஸ் ரிடக்ஷனை 'ஹை'யில் வைப்பது

ஜேபெக்கில் எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. புருவமும் முடியிழையும் கரைந்து, முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும்; போன நுணுக்கம் போனதுதான். 'லோ' போதும். ரா எடுப்பவர்களின் கோப்பை இது பொதுவாகத் தொடாது, ஆனால் கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் திறந்தால் அந்த அமைப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கணினியில் செய்யும்போது நிற நாய்ஸ் ஸ்லைடரைத் தாராளமாக நகர்த்தலாம். வெளிச்சப் புள்ளிகளைக் குறைக்கும் லூமினன்ஸ் ஸ்லைடரில்தான் கை அடக்கம் வேண்டும். கொஞ்சம் புள்ளி மிச்சமிருந்தால் குடி முழுகிவிடாது.

எச்1, எச்2

ஐஎஸ்ஓ பட்டியலின் உச்சியில் இருக்கும் நீட்டிப்பு அமைப்புகள் இவை. வேண்டாம். கணினியில் ஏற்றுவதைத்தான் பெரும்பாலும் கேமராவுக்குள்ளேயே செய்கிறது.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனைத் தெரியாமல் ஆன் செய்வது

30 நொடி எடுத்தால், ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு 30 நொடி கறுப்புப் படம் ஒன்றை எடுத்து, அதில் வெளிச்சமில்லாமலே ஒளிரும் ஹாட் பிக்சல்களை முதல் படத்திலிருந்து கழிக்கும். கேமரா ஹேங் ஆகிவிட்டது என்று அந்த இடைவெளியில் பேட்டரியைக் கழற்றியவரை எனக்குத் தெரியும், படமும் போயிற்று. ஒற்றைப் படத்துக்கு நல்ல வசதிதான். நட்சத்திரத் தடங்களுக்காகத் தொடர்ச்சியாக எடுக்கும்போது ஆஃப் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடமும் விட்டுவிட்டுத்தான் விழும். கடைசியில் லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே ஷட்டர் நேரத்தில் சில கறுப்புப் படங்கள் எடுத்துக்கொண்டால், கழிக்கும் வேலையைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம்.