சுகர் இருக்கும் அம்மாவுக்கு மறதியும் வந்தால்

அம்மா காலையில் இன்சுலின் போட்டார். இட்லி வெந்து இறங்குவதற்குள் போட்டதை மறந்து இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டார். பதினோரு மணிக்கு என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றார். எங்கள் ஆச்சியின் கடைசி வருஷங்கள் இப்படித்தான் போயின. அந்த வியாதி அம்மாவுக்கும் வந்துவிட்டது என்று உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு அக்காதான் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார். சுகர் 48தான் இருந்தது. சுகர் இறங்கியதால் வந்த தடுமாற்றம் அது.

அதனால் சுகர்காரர் திடீரென்று தடுமாறினால் முதலில் மீட்டரை எடுங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். சுகர் சரியாக இருந்தும் வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். அப்போதும் உடனே ஆஸ்பத்திரிதான்.

நான் பயந்த அல்சைமர் என்ற மறதி நோய் ஒரே காலையில் வராது, மாதக்கணக்கில் ஊறும். ஆனால் மெல்ல வரும் மறதியெல்லாம் அல்சைமரும் அல்ல. மெட்பார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மறதி தரும். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அம்மா பதினாலு வருஷமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறார். பி12 பார்க்க ஒருவரும் எழுதித் தரவில்லை, நாங்களாகத்தான் கேட்டோம்.

தம்பிக்கோ மரபணுப் பரிசோதனை மேல் ஆசை. ஏபிஓஇ மரபணுவின் ஈ4 வகைக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993இல் தெரியவந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மூன்று மடங்கு, இருவரிடமிருந்தும் வந்தால் அதைவிடப் பல மடங்கு. ஆனால் அது இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. "முடிவு எதுவானாலும் சுகரையும் பிபியையும் பார்த்துத்தானேடா ஆகணும்? அந்தக் காசுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கு" என்றேன். முறைத்தான், வாங்கினான்.

சுகருக்கும் மறதிக்கும் தொடர்பு உண்மைதான். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சுகர் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) ஆபத்து கிட்டத்தட்ட இரட்டிப்பாக இருந்தது. சுகர் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. இன்சுலினைச் சிதைக்கும் நொதிதான் அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தையும் சிதைக்கிறது. இன்சுலின் மிகுந்தால் நொதி அதிலேயே மாட்டிக்கொண்டு அமிலாய்டை விட்டுவிடுகிறது என்று ஒரு கருத்தும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் HbA1c அளவை 6.5க்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று அம்மாவை வறுத்தெடுத்தவள் நான். அமெரிக்காவில் 6க்குக் கீழே இறக்கப் பார்த்த அக்கார்டு ஆய்வில் சாவுகள் கூடியதால், அந்தக் கடும் சிகிச்சையை 2008இல் நிறுத்தினார்கள். ஞாபகசக்தியும் அதனால் தேறவில்லை. மறதி வந்த முதியவருக்கு 8 வரை விடலாம் என்றார் டாக்டர். இன்சுலினையும் ஒருவேளையாக மாற்றித் தந்தார்.

ஊசி போட்ட பிறகுதான் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்க வேண்டும் என்று முதலில் ஓர் ஏற்பாடு செய்தோம். சரிப்படவில்லை. அம்மா எழுந்ததும் பழக்கதோஷத்தில் கிழித்துவிடுவார். இப்போது இன்சுலின் என் பொறுப்பில், ஃப்ரிட்ஜுக்குள் பூட்டிய டப்பாவில் இருக்கிறது. அம்மா கிழிப்பதை விடவில்லை. சில நாள் இரண்டு தாள் போய்விடும். எங்கள் வீட்டில் தேதி பார்க்க யாரும் காலண்டர் பக்கம் போவதில்லை.