குன்னூர் கல் வீட்டில் பேசாமல் போன ஸ்பீக்கர்

அம்மாவுக்குக் கண் பார்வை குறைந்ததிலிருந்து மாத்திரை நேரம், செய்தி, பழைய பாட்டு எல்லாமே அடுப்படி ஸ்மார்ட் ஸ்பீக்கர்தான். ஐப்பசி மழையில் குன்னூரில் கரன்ட் போய்ப் போய் வந்தது, அதிலிருந்து கூப்பிட்டால் விளக்கு மட்டும் எரியும், இன்டர்நெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடும். "தம்பி, காலை மாத்திரை நேரத்தை இது சொல்லவே இல்லப்பா" என்று அம்மா சொன்னபோது மனசு கேட்கவில்லை.

விளக்கு எரிகிறதே, அப்போ வைஃபை இருக்கிறது என்று நினைத்து ஸ்பீக்கரையே மூன்று தடவை ரீசெட் செய்தேன். அது தப்பு. கூப்பிடும் பெயரை ஸ்பீக்கர் தனக்குள்ளேயே கண்டுபிடித்துவிடும், அதன் பிறகு நாம் கேட்பதைப் புரிந்துகொள்ளத்தான் இன்டர்நெட் வேண்டும்.

ரௌட்டர் முன்னறையில், நடுவில் ஒன்றரை அடி கல் சுவர். அது தரும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைக்கும் ஒரே பெயர், கரன்ட் வந்ததும் ஸ்பீக்கர் 5-இல் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அது வேகம்தான், ஆனால் சுவரைத் தாண்ட 2.4 அளவுக்கு முடியாது. ரௌட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்து, ஸ்பீக்கரை 2.4-இல் சேர்த்தேன், அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை, அதாவது சேனலை, 6-இல் நிறுத்தினேன். உடனே பேசியது!

அப்புறம் கரன்ட் போனாலும் ரௌட்டர் அணையாமல் இருக்க 12 வோல்ட் மினி யுபிஎஸ் (சின்ன பேட்டரி பெட்டி) ஒன்றும் வாங்கினேன், வோல்ட், ஆம்பியர், சொருகும் பின் மூன்றும் அடாப்டரோடு பொருந்துகிறதா என்று பார்த்து. இப்போது கரன்ட் வந்ததும் ஸ்பீக்கர் தானே 2.4-இல் சேர்ந்துவிடுகிறது.